ஆட்டம் நின்ற பிறகு

வீடியோ கேம் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவேன் என்று ஒரு வருஷத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சிரிப்போடு நிற்காமல், வெகுஜன கலாசாரம், போதை, மூளைச் சலவை என்று நாலு வார்த்தைகளையும் எடுத்து வீசியிருப்பேன். இந்த வார்த்தைகள் நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கின்றன. தயாராக இருப்பதாலேயே அவற்றின் மேல் எனக்கு இப்போது கொஞ்சம் அவநம்பிக்கை ஏற்பட்டிருக்கிறது.

விஷயம் இதுதான். என் மகன் ஆறு வருஷங்களாக ஒரு ஆன்லைன் விளையாட்டை ஆடிவந்தான். அதன் பெயர் வேண்டாம். பள்ளி இறுதி வகுப்பில் ஆரம்பித்தது. கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும், ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் ஒரு மணி நேரம் என்று தொடர்ந்தது. அவனோடு சேர்ந்து ஆடியவர்கள் நாலு பேர். ஒருவன் திருச்சிக்காரன், ஒருவன் ஷார்ஜாவில் வேலை பார்ப்பவன், மற்ற இருவரும் மணிலாவில் இருக்கிறார்கள். ஒருவரையும் அவன் நேரில் பார்த்ததில்லை. அந்த விளையாட்டை நடத்திவந்த கம்பெனி ஒரு நாள், மூன்று மாத அவகாசம் கொடுத்து, சர்வர்களை நிறுத்தப்போவதாக அறிவித்தது.

கடைசி ராத்திரி நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவன் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டிப்பார்த்தேன். திரையில் ஒரு பாலம். பாலத்தின் மேல் முப்பது நாற்பது உருவங்கள். சுடுவதுதான் அந்த விளையாட்டில் வேலை என்று எனக்குத் தெரியும். யாரும் யாரையும் சுடவில்லை. சிலர் சும்மா நின்றிருந்தார்கள், சிலர் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் படம் அப்படியே உறைந்தது. சர்வருடன் தொடர்பு இல்லை என்று ஒரு வரி வந்தது.

"போச்சா?" என்று கேட்டேன்.

"போச்சுப்பா."

"எவ்வளவு பணம்டா போட்டிருப்பே இதுல?"

அவன் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னான்: "பணம் இல்லப்பா. உங்க பத்திரிகை நின்னப்போ உங்களுக்குப் பெட்டியில நாலு கட்டாவது மிச்சம் இருந்துச்சு."

அவன் அதைக் குத்தலாகச் சொன்னானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்திய காலாண்டிதழ் பதினோரு இதழ்களோடு நின்றுபோனது. மிச்சப் பிரதிகள் பரண் மேல் ஒரு தகரப்பெட்டியில் இருக்கின்றன. அவன் சின்ன வயதில் அந்தப் பெட்டி மேல் ஏறித்தான் பரணில் எதையாவது தேடுவான். அந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் போனதில்தான் இந்தக் கட்டுரைக்கான விஷயங்கள் கிடைத்தன.

*

லைவ் சர்வீஸ் என்று இந்த வியாபார முறைக்குப் பெயர். ஒரு விளையாட்டைச் செய்து முடித்து விற்றுவிட்டு ஒதுங்கிக்கொள்வது பழைய முறை. இதில் விளையாட்டு முடிவதே இல்லை. வாராவாரம், மாதாமாதம் புதிதாக ஏதாவது சேர்ந்துகொண்டேயிருக்கும். பத்துப் பன்னிரண்டு வாரங்களை ஒரு சீசன் என்கிறார்கள். ஒவ்வொரு சீசனுக்கும் 'பேட்டில் பாஸ்' என்று ஒரு சீட்டு உண்டு. அதைப் பணம் கொடுத்து வாங்கினால் மட்டும் போதாது. அந்தப் பத்து வாரமும் தொடர்ந்து ஆடினால்தான் அதில் வைத்திருக்கும் உடைகளும் ஆயுதங்களும் கிடைக்கும். தவறவிட்டால் தவறவிட்டதுதான். பணம் கொடுத்து, பிறகு உழைப்பையும் கொடுத்து, ஒரு சட்டையைச் சம்பாதிக்கவேண்டும். அதுவும் ஸ்தூலமான சட்டை அல்ல.

இதில் பலரும் கவனிக்காத ஒரு ஏற்பாடு இருக்கிறது. விளையாடுபவனின் கம்ப்யூட்டரில் இருப்பது விளையாட்டின் ஒரு பாதி மட்டுமே. படங்கள், ஓசைகள், அசைவுகள் ஆகியவை இங்கே. யார் எங்கே நிற்கிறார்கள், யார் சுட்ட குண்டு யார் மேல் பட்டது, யாரிடம் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் தீர்மானிக்கும் பாதி கம்பெனியின் சர்வரில். ஏமாற்று வேலையைத் தடுக்க இது அவசியம் என்பது உண்மை. ஆனால் அதன் விளைவு, கடையில் விலை கொடுத்து வாங்கிய வட்டு ஒரு பூட்டு மாத்திரம்தான். சாவி வேறு ஒருவன் இடுப்பில். தனியாக ஆடக்கூடிய பகுதிகள் இருக்கும் விளையாட்டுகளில்கூட இதே ஏற்பாடு. 2019 பிப்ரவரியில் வந்த 'ஆந்தம்' அப்படிப்பட்டது. 2026 ஜனவரி 12 அன்று சர்வர்கள் நின்றன. காசு கொடுத்து வாங்கியவனுக்கு அதற்குப் பிறகு அதற்குள் நுழைய வழியில்லை.

சரித்திரத்தைப் பார்த்தால் இது புதிதும் அல்ல என்பது தெரியும். வீடியோ விளையாட்டு பிறந்ததே வாடகைக்குத்தான். 1978-ல் ஜப்பானில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தபோது யாரும் அதை வாங்கவில்லை. பொது இடங்களில் இயந்திரத்துக்குக் காசு போட்டு சில நிமிஷங்களை வாங்கினார்கள். பிறகு நின்டென்டோவின் ஃபேமிகாம் போன்ற இயந்திரங்கள், 1983-க்குப் பின், விளையாட்டை ஒரு கார்ட்ரிட்ஜுக்குள் அடைத்து வீட்டுக்குள் கொண்டுவந்தன. விளையாட்டு ஒரு பொருளாயிற்று. நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம், பழைய சாமான் கடையில் விற்கலாம், இருபது வருஷம் கழித்துத் தூசி தட்டி ஆடலாம். 1997-ல் 'அல்டிமா ஆன்லைன்', 1999-ல் 'எவர்குவெஸ்ட்', 2004-ல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்று மாதச் சந்தா உலகங்கள் வந்தன. அவற்றில் சேர்ந்தவர்களுக்குத் தாங்கள் சந்தாதாரர்கள் என்பது தெரிந்தே இருந்தது. இன்றைய முறையில் முழு விலையையும் வாங்கிக்கொள்கிறார்கள், அல்லது இலவசம் என்று கூப்பிடுகிறார்கள். வாடகை என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை. காசு போடும் இயந்திரத்திடமாவது அந்த நேர்மை இருந்தது.

*

இதை வாசிக்கும்போது நம்மில் பலருக்கு வாரப்பத்திரிகைத் தொடர்கதைகள் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் வந்தது. நெருக்கடியில் நிறுத்தி, அடுத்த வாரம் வரை வாசகனைத் தொங்கவிடும் சாமர்த்தியத்தை நாம் பரிகசித்திருக்கிறோம். சிறுபத்திரிகைகளின் இருப்புக்கே ஒரு நியாயம் அந்தப் பரிகாசத்தில்தான் இருந்தது. இந்த சீசன்களையும் தவறவிட்டால் போச்சு என்ற பதைப்பையும் பார்த்ததும், 'அதே வியாதிதான், பெரிய அளவில்' என்று முடிவு கட்டிவிடத் தோன்றியது.

ஆனால் அவ்வளவு சுலபமில்லை. 1950-லிருந்து 1954 வரை கல்கியில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, அதன் இலக்கியத் தரம் பற்றி நமக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், வீட்டுக்கு வீடு ஜனங்கள் ஒரு காரியம் செய்தார்கள். பக்கங்களைக் கிழித்து, வரிசைப்படுத்தி, பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். பத்திரிகைக்காரர் அவர்களை வாராவாரம் காத்திருக்க வைத்தார், உண்மை. காத்திருந்து பெற்றதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. மூன்று தலைமுறை தாண்டி அந்த பைண்டு வால்யூம்கள் இன்னும் அலமாரிகளில் இருக்கின்றன. என் அத்தை வீட்டில் இருந்த ஒன்றில், நடுவே ஒரு வாரம் விட்டுப்போய், யாரோ அந்த அத்தியாயத்தைக் கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். நாம் இளக்காரமாகப் பார்த்த அந்த வாசகியிடம் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருந்தது. ஆறு வருஷம் ஆடிய என் மகனிடம் அது இல்லை.

இதன் உச்சம் 'டெஸ்டினி 2' என்ற விளையாட்டில் நடந்தது. 2017-ல் வெளியானது, பணம் கொடுத்து வாங்கியது. அதன் முதல் கதைப் பகுதியையே 2020 நவம்பரில் விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதிய அத்தியாயங்கள் சேரச் சேர விளையாட்டு தாங்கமுடியாத அளவுக்குப் பெருத்துவிட்டது என்பது காரணம். ஏழாம் அத்தியாயம் அச்சாகும்போது முதல் அத்தியாயத்தை வாசகன் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போவது மாதிரி. அதன் பின்விளைவு ஒன்று எந்த எழுத்தாளனையும் யோசிக்க வைக்கும். அந்தக் கதை தன் எழுத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒருவர் 2024-ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார். கம்பெனியால் தன் பழைய விளையாட்டை நீதிமன்றத்தில் இயக்கிக் காட்ட முடியவில்லை. யூடியூபில் ரசிகர்கள் போட்டிருந்த வீடியோக்களைச் சாட்சியமாகக் கொடுத்து, வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்டது. 2025 மே மாதம் நீதிபதி மறுத்துவிட்டார். வழக்கின் நியாய அநியாயம் வேறு. தன் படைப்பை நிரூபிக்க அந்த நிறுவனமே வாசகர்கள் வீட்டு அலமாரியைத் தேடிப் போகவேண்டியிருந்தது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

*

சரி, ஏன் இந்த முறை இவ்வளவு பரவியது? காரணம் ரகசியமில்லை. 'ஃபோர்ட்நைட்' என்ற இலவச விளையாட்டு 2018, 2019 ஆகிய இரண்டே வருஷங்களில் 900 கோடி டாலருக்கு மேல் வருமானம் ஈட்டியது, 2021-ல் ஆப்பிள் கம்பெனியுடன் நடந்த வழக்கில் வெளிவந்தது. இந்த எண்ணைப் பார்த்த முதலீட்டுக்காரர்களுக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்காது. பெரும்பகுதி உடைகளும் ஆட்ட அசைவுகளும் விற்றுச் சேர்ந்த பணம். இதே கம்பெனி, சிறுவர்களின் விவரங்களைச் சேகரித்ததற்காகவும், பொத்தான்களை ஏமாற்றாக அமைத்து வேண்டாத பொருளை வாங்க வைத்ததற்காகவும், 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தகக் கமிஷனுடன் 52 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

ஆனால் இந்த வியாபாரத்தின் அடியில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. அதைப் பெரிய மனிதர்கள் போடத் தவறினார்கள். புஸ்தகம் ஒன்று வாங்குபவன் இன்னொன்றும் வாங்குவான். லைவ் சர்வீஸ் விளையாட்டு கேட்பது பணத்தை அல்ல, முதலில் நேரத்தை. அதுவும் ஒவ்வொன்றும் முழு நேரத்தையும் கேட்கிறது. ஒரு மனிதனுக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் இருப்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை ஏற்கெனவே ஏழெட்டுப் பெரிய விளையாட்டுகள் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. அங்கே அவனுடைய நண்பர்கள் இருக்கிறார்கள், அவன் சம்பாதித்த சட்டைகள் இருக்கின்றன. புதிதாக ஒருவன் கடை திறந்தால் எதற்கு அங்கே போகவேண்டும்? ஒரு தெருவில் ஒரு தேர்தான் ஓடமுடியும். பன்னிரண்டு தேர் செய்து வைத்தால் பதினொன்று கொட்டகையில் கிடந்து மக்கவேண்டியதுதான்.

பன்னிரண்டு என்பது நான் உவமைக்காகச் சொன்ன எண் அல்ல. 2026 மார்ச்சுக்குள் இப்படிப் பன்னிரண்டு விளையாட்டுகளை வெளியிடுவோம் என்று சோனி 2022-ல் அறிவித்தது. 2023 நவம்பரில் அது ஆறாகச் சுருங்கியது. அடுத்த மாதம், அவர்களுடைய மிகச் சிறந்த ஸ்டூடியோக்களில் ஒன்றான நாட்டி டாக், தான் செய்துகொண்டிருந்த ஆன்லைன் விளையாட்டைக் கைவிட்டது. வெளியிட்டால் பல வருஷங்களுக்கு ஸ்டூடியோ முழுவதும் அதற்கே ஊழியம் செய்யவேண்டிவரும், தனிக்கதை விளையாட்டுகளைச் செய்யமுடியாமல் போகும் என்று காரணம் சொன்னார்கள். படைப்பவன் தரப்பிலிருந்து இந்த முறையைப் பற்றி வந்த நேர்மையான வாக்குமூலம் என்று இதைத்தான் சொல்வேன். முடிவில்லாத படைப்பு, படைத்தவனையும் முடிவில்லாமல் கட்டிப்போடுகிறது. எட்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் சாப்பாட்டை எந்நேரமும் பொங்கிக்கொண்டேயிருக்கும் சத்திரம் அது.

பிறகு 'கான்கார்ட்'. 2024 ஆகஸ்ட் 23 அன்று 40 டாலர் விலையில் வந்தது. செப்டம்பர் 6 அன்று சர்வர்கள் நின்றன. பல வருஷ உழைப்புக்கு ஆயுள் இரண்டு வாரம். வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்டோபரில் செய்த ஸ்டூடியோவையும் மூடினார்கள். மோசமான விளையாட்டா என்றால், சுமாரானது என்றுதான் ஆடிப்பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சுமாரான நாவல் ஐந்நூறு பிரதி போய் நூலகத்தில் உட்கார்ந்திருக்கும். சுமாரான திரைப்படம் என்றாவது நடுராத்திரி டெலிவிஷனில் வரும். இந்த முறையில் சுமாராக இருப்பவனுக்கு இடமே கிடையாது. ஒன்று சாம்ராஜ்யம், இல்லையேல் சூன்யம். பதினான்கு நாள் ஆடிய அந்த விளையாட்டு எப்படி இருந்தது என்று நாளை ஒரு விமரிசகன் பார்க்க விரும்பினால் அவனுக்குப் பார்க்கக் கிடைப்பது வீடியோக்கள் மட்டுமே.

வெற்றிகளும் உண்டு. அதே வருஷம் பிப்ரவரியில் வந்த 'ஹெல்டைவர்ஸ் 2' பன்னிரண்டு வாரத்தில் 1 கோடியே 20 லட்சம் பிரதி விற்றது. இந்த ஒன்றைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் இறங்குவார்கள். லாட்டரியில் ஜெயித்தவன் படம்தான் பேப்பரில் வரும். தோற்றவர்களின் கணக்கு வேலையிழந்த கலைஞர்கள் பக்கத்தில் எழுதப்படுகிறது. 'டெஸ்டினி 2' செய்த பன்ஜி நிறுவனமே, சோனி 360 கோடி டாலர் கொடுத்து வாங்கியதற்கு இரண்டு வருஷங்கள் கழித்து, 2024 ஜூலையில் 220 பேரை வெளியே அனுப்பியது.

ஆகவே இந்த முறையின் எதிர்காலம் என்று கேட்டால் என் அபிப்பிராயம் இதுதான்: இது சாகாது, பரவவும் செய்யாது. நாலைந்து பெரிய பண்ணைகள் நிலைத்துவிடும். அவற்றுக்கு வெளியே வருஷாவருஷம் சில விளையாட்டுகள் பிறந்து, ஒரு சீசனோ இரண்டு சீசனோ இருந்து, தடயமில்லாமல் போகும். வியாபாரிகளுக்கு இது நஷ்டக் கணக்கு. எனக்குக் கவலை தருவது அந்தத் 'தடயமில்லாமல்' என்ற சொல்.

*

2014 டிசம்பரில் வெளியான 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டை யூபிசாஃப்ட் கம்பெனி 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. அமெரிக்க தேசம் முழுவதையும் சுருக்கி, ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைவரை கார் ஓட்டிச் செல்லும்படி செய்திருந்தார்கள். தனியாகவும் ஓட்டலாம். ஆனால் சர்வர் இல்லாமல் வண்டி கிளம்பாது. நிறுத்தியதோடு விடாமல், வாங்கியவர்களின் கணக்கிலிருந்து அதன் உரிமத்தையும் சில வாரங்களில் எடுத்துக்கொண்டார்கள். ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் அந்த ஏப்ரலில் 'விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள்' என்ற இயக்கத்தை ஆரம்பித்தார். ஐரோப்பிய யூனியனிடம் கொடுத்த மனு, 2025 ஜூலையில் 10 லட்சம் கையொப்பம் என்ற எல்லையைத் தாண்டியது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், விற்பது பொருளல்ல, உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவனுக்குத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும் என்று ஒரு சட்டம் அமுலுக்கு வந்தது. திருடன் வருவதற்கு முன் கதவைத் தட்டவேண்டும் என்று சட்டம் போட்ட மாதிரிதான். ஆனாலும் ஆரம்பம்.

இந்த இயக்கம் கேட்பது என்ன என்று பார்த்தால் அதன் அடக்கம் ஆச்சரியமாக இருக்கிறது. எப்போதும் சர்வரை நடத்து என்று கேட்கவில்லை. நீ போகும்போது, நாங்களே நடத்திக்கொள்ளும்படி விட்டுவிட்டுப் போ என்று கேட்கிறார்கள். கம்பெனிகளின் தரப்புக்கும் காது கொடுக்கவேண்டும். ஐரோப்பியக் கம்பெனிகளின் சங்கம் சொன்ன பதில்: பல விளையாட்டுகள் அடியிலிருந்தே ஆன்லைனுக்காக அமைக்கப்பட்டவை, தனியார் சர்வர்களில் ஆடுபவர்களின் பாதுகாப்புக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது, இப்படி நிர்ப்பந்தித்தால் செலவு தாங்காது. முதல் வாதத்தில் உண்மை இருக்கிறது. கட்டி முடித்த பிறகு அஸ்திவாரத்தை மாற்றுவது கஷ்டம். ஆனால் இனி கட்டப்போவதற்கு அந்த வாதம் பொருந்தாது. செய்யமுடியும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 'நாக்அவுட் சிட்டி' என்ற விளையாட்டை 2023 ஜூனில் நிறுத்தியபோது, அதைச் செய்தவர்கள் யார் வேண்டுமானாலும் சொந்த சர்வரில் நடத்திக்கொள்ளும் பதிப்பு ஒன்றை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' 2012 நவம்பரில் நின்றது. ரசிகர்கள் ரகசியமாக அதை உயிரோடு வைத்திருந்தது 2019-ல் அம்பலமாயிற்று. 2024 ஜனவரியில் மூலக் கம்பெனியே அந்த ரசிகர் குழுவுக்கு உரிமம் கொடுத்தது. யூபிசாஃப்ட்டும், இந்தக் கூச்சலுக்குப் பிறகு, 'தி க்ரூ'வின் இரண்டாம் பாகத்தை சர்வரில்லாமல் ஆடும்படி 2025 அக்டோபரில் மாற்றிக்கொடுத்தது. முடியாது என்பது முடியாமை அல்ல, பல சமயம் மனசில்லாமை.

நம் தேசத்துக்கு இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டபோது ஒரு உத்தரவில் லட்சக்கணக்கான பையன்களின் மாலைப்பொழுது மறைந்தது. அடுத்த வருஷம் வேறு பெயரில் வந்து, 2022-ல் மறுபடி மறைந்து, 2023-ல் மறுபடி வந்தது. தடைக்கான காரணங்கள் சரியா தவறா என்பது இங்கே பேச்சில்லை. தடைசெய்யப்பட்ட புஸ்தகத்துக்கு எங்காவது பிரதி இருக்கும். ஒரு சாவியால் இயங்கும் உலகத்தை நிறுத்த, சாவிக்காரனை மட்டும் பிடித்தால் போதும்.

*

இங்கே எனக்கு நானே ஒரு ஆட்சேபணை எழுப்பிக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஏன் சேர்த்து வைக்கவேண்டும்? தெருக்கூத்து விடிந்ததும் முடிகிறது. யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. அந்த ராத்திரி ஆடிய ஆட்டம் திரும்ப வராது என்பதில்தான் அதன் உயிரே இருக்கிறது. என் மகனின் பாலத்தை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாலும், அந்த நாற்பது பேர் இல்லாமல் அது வெறும் பாலம்தானே?

பாதி நியாயம். ஆனால் கூத்து முடிந்ததும் போவது அன்றைய ஆட்டம். கூத்து போவதில்லை. அது வாத்தியார் உடம்பிலும் மத்தளக்காரர் விரல்களிலும் இருக்கிறது. அடுத்த ஊரில், வேறொரு செட்டில், கர்ணன் மறுபடியும் சாவான். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. சர்வர் நிற்கும்போது போவது அன்றைய ஆட்டம் மட்டுமல்ல. இனி ஆடக்கூடிய சாத்தியமும்தான். ஆடத் தெரிந்த லட்சம் பேர் உயிரோடு இருக்கிறார்கள். கொட்டகை, வேஷம், பாட்டு எல்லாவற்றையும் ஒருவன் பூட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த நாற்பது பேர் விஷயத்திலும் நான் முன்போல் அலட்சியமாக இல்லை. நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒரு இளைஞர். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் வியாதி. 2014-ல் 25 வயதில் இறந்தார். மகனுக்கு நண்பர்களே இல்லை, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தான் என்று பெற்றோர் வருந்திக்கொண்டிருந்தார்கள். மரணச் செய்தியை அவருடைய வலைப்பக்கத்தில் அப்பா எழுதியதும், ஐரோப்பாவின் பல தேசங்களிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் இபெலின் என்ற பெயரில் அவர் பலருக்குத் துணையாக இருந்திருக்கிறார். சிலர் அடக்கத்துக்கே வந்தார்கள். 2024-ல் இது பற்றி ஒரு டாகுமெண்டரி வந்தது. அந்தப் படத்தை எடுக்க முடிந்ததற்குக் காரணம், அவருடைய குழுவினர் தங்களுக்குள் நடந்த உரையாடல்களை ஆயிரக்கணக்கான பக்கங்களாக சேமித்து வைத்திருந்ததுதான். வைத்திருந்தவர்கள் கூட ஆடியவர்கள். அந்தத் தகப்பனாருக்குத் தன் மகன் யார் என்பது அதிலிருந்து தெரியவந்தது.

படம் பார்த்த பிறகு என் மகனிடம் அந்த நாலு பேரின் பெயரைக் கேட்டேன். ஆறு வருஷத்தில் முதல்முறையாக. சொன்னான். மணிலாக்காரர்களில் ஒருவன் அல்ல, ஒருத்தி என்பது அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு இரண்டு குழந்தைகள். பிரசவத்துக்கு முந்தின வாரம்வரை ஆடியிருக்கிறாள். இப்போது அவர்கள் ஐந்து பேரும் சேர்ந்து வேறு எதையாவது ஆடுகிறார்களா என்று கேட்டேன். இரண்டு மூன்று ஆடிப் பார்த்தோம், ஒட்டவில்லை, சும்மா எப்போதாவது பேசிக்கொள்கிறோம் என்றான். பேச என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. நண்பர்கள் மூன்று பேரும் பத்திரிகை நின்ற பிறகு என்ன பேசினோம் என்பது எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் பேசினோம்.

சென்ற மாதம் தகரப்பெட்டியை இறக்கினேன். பதினோரு இதழ்களில் பத்து இருந்தன, சிலவற்றில் பூச்சி விழுந்திருந்தது. நாலாவது இதழ் ஒன்றுகூட இல்லை. பிரஸ்காரருக்குப் பாக்கி வைத்து அச்சடித்த, எங்களுடைய நல்ல இதழ் அது. 'எழுத்து' 1959-லிருந்து 1970 வரை 119 இதழ்கள் வந்து நின்றது, யார் யாரோ வைத்திருந்த பிரதிகளால்தான் நமக்கு மிச்சம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஆசிரியர்களில் ஒருவனான என்னிடமே இல்லாததை யார் வைத்திருக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். நாலு பேருக்குப் போன் செய்ததில், எங்களுக்கு வருஷ சந்தா அனுப்பிய, நான் ஒருமுறைகூடப் பார்த்திராத பாளையங்கோட்டை வாசகர் ஒருவரிடம் இருந்தது. நகல் எடுத்து அனுப்பினார். தபால் செலவு வாங்கிக்கொள்ளவில்லை.

மகன் அதை வாங்கிப் புரட்டினான். என் கவிதை ஒன்று அதில் இருந்தது. படித்துவிட்டு, "இது அவர்கிட்ட இருந்ததா?" என்று மட்டும் கேட்டான்.